ஏற்கனவே வந்தது

சூரியபிரகாஷைப் பற்றி எங்கள் பக்கத்தில் இப்போது யாரும் பேசுவதில்லை. பேச்சு வந்தாலும், "அந்த முட்டப் பெட்டிக்காரப் பயலா?" என்று கேட்டு, அதோடு முடித்துக்கொள்கிறார்கள். கடமலைக்குண்டுக்கு மேற்கே, இலவ மரங்களுக்கு நடுவில் இருக்கிற சின்ன ஊர் அவனுக்கு. அப்பா அம்மா இரண்டு பேரும் இலவங்காய் உடைக்கப் போகிறவர்கள். அந்தப் பஞ்சு தொண்டைக்குள் ஏறி ஏறி, அவன் அப்பா பேசினால் பாதி இருமலாகத்தான் வரும். அந்த வீட்டிலிருந்து கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் முடித்து வெளியே வந்தவன் அவன். நானும் அப்படியொரு வீட்டுப் பிள்ளைதான். எங்கள் வம்சத்திலேயே முதன்முதலாகப் பட்டமளிப்பு அங்கி போட்டவன் நான் என்பதை மறைத்துப் பேச எனக்கு இன்றைக்கும் வராது. அந்த அங்கிக்கு எங்கள் வீடுகளில் என்ன விலை என்று தெரிந்தவன் என்பதால் சொல்கிறேன், பிரகாஷை ஒரு வார்த்தையில் முடித்துவிட முடியாது.

பெங்களூரில் நல்ல வேலையில் இருந்தான். விட்டுவிட்டு வந்தான். தேனியில் ஷானவாஸ் பாயின் செல்போன் கடைக்கு மேலே ஓர் அறையை வாடகைக்குப் பிடித்து, "நம்ம ஊருக்கு நாம செய்யணும்டா" என்று என்னையும் இழுத்துக்கொண்டான். தொழில் இதுதான்: உள்ளங்கை அகலத்தில் ஒரு பெட்டி. அதிலிருந்து ஒரு வயர் போகும், வயரின் நுனியில் சூட்டை அளக்கிற சென்சார். பெட்டிக்குள் ஒரு சிம் கார்டு. கோயம்புத்தூரிலிருந்து பெட்டிகளை வாங்கி வருவோம். பைக்கில் போய் மாட்டுவது என் வேலை. பெட்டிகள் அனுப்புகிற சேதிகளை வாங்கி, பார்த்து, ஏதாவது சரியில்லை என்றால் உரியவருக்குப் போன் அடிக்கிற புரோகிராம் எழுதுவது அவன் வேலை. காளான் குடில், வாழைப்பழம் பழுக்க வைக்கிற அறை, பால் குளிரூட்டும் தொட்டி என்று கம்பம் வரைக்கும் மாட்டினோம்.

அப்படி மாட்டியதில் ஒன்று சந்தனம்மாள் வீடு.

குச்சனூருக்குத் தெற்கே, தென்னந்தோப்புகளுக்குள் ஒளிந்துகிடக்கிற ஒரு தெரு. சந்தனம்மாள் பிரகாஷுக்குச் சொந்தத்தில் அத்தை முறை. அவர் கணவர் கோட்டைச்சாமி வாழைத்தார் ஏற்றுகிற லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர்; லாரி மேலிருந்து விழுந்து இடுப்பு போனது. அதற்குப் பிறகு பாரம் தூக்கவோ, நெடுநேரம் நிற்கவோ முடியாது. சந்தனம்மாள் திராட்சைத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தார். நாளெல்லாம் தலைக்கு மேலே இருக்கிற பந்தலை அண்ணாந்து பார்த்தபடி கொத்துக் கொத்தாய்க் கத்தரிக்கிற வேலை. கழுத்து எலும்பு தேய்ந்து, ஒரு பக்கமாகத் திரும்பவே முடியாமல் போனது. "இனிமே பந்தலுக்குள்ள போனா கை விளங்காமப் போயிரும்" என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

அப்போதுதான் அந்தக் குஞ்சு பொரிக்கிற மிஷின் வந்தது. மிஷின் என்றால் கடையில் வாங்கியது இல்லை. கெட்டுப்போன பழைய பிரிட்ஜ் ஒன்றை எடுத்து, உள்ளே குண்டு பல்புகளை மாட்டி, ஒரு ஃபேன் வைத்து, சூடு ஏறினால் பல்பை அணைத்து இறங்கினால் எரிய வைக்கிற ஒரு ரிலேயையும் பொருத்தி, சின்னமனூரில் ஒரு எலெக்ட்ரீசியன் செய்துகொடுத்தார். நன்றாகவே வேலை செய்தது. தெருப் பெண்கள் நாட்டுக்கோழி முட்டைகளைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். ஆட்டை வாரத்துக்கு விடுகிற மாதிரிதான்: பொரிகிற குஞ்சில் பாதி முட்டை கொடுத்தவளுக்கு, பாதி சந்தனம்மாளுக்கு. யார் முட்டை என்று தெரிய ஒவ்வொன்றின் மேலும் பென்சிலால் ஓர் அடையாளம் இருக்கும். ஒருத்திக்கு வட்டம், ஒருத்திக்குப் பெருக்கல் குறி. ராக்கம்மாளுக்கு மட்டும் ஒரு சின்னப் பூ. கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டாள்.

ஒரே ஒரு சங்கடம். பிரிட்ஜ் கதவில் கண்ணாடி கிடையாது. உள்ளே என்ன நடக்கிறது என்று திறந்தால்தான் தெரியும். மற்ற நாட்களில் பரவாயில்லை, முட்டையைத் திருப்பி வைக்க எப்படியும் திறப்பார்கள். ஆனால் கடைசி மூன்று நாள் மட்டும் கதவைத் தொடவே கூடாது. உள்ளே இருக்கிற ஈரம் போய்விட்டால் குஞ்சு ஓட்டோடு ஒட்டிக்கொண்டு வெளியே வரமுடியாமல் செத்துவிடும். அந்த மூன்று நாளும் வெளியே உட்கார்ந்து ஃபேன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான். அதற்காகத்தான் எங்கள் பெட்டி. பிரிட்ஜின் அடியில் தண்ணீர் வடிகிற ஓட்டை வழியாக வயரை உள்ளே விட்டு, பெட்டியை வெளியே சுவரில் மாட்டினேன். கோட்டைச்சாமியின் போனில் ஒரு பச்சைப் புள்ளியும், பக்கத்தில் சூட்டின் அளவும் தெரியும். முப்பத்தேழரைக்குப் பக்கத்தில் இருந்தால் பச்சை. கூடினாலும் குறைந்தாலும் சிவப்பு, உடனே போன் அடிக்கும்.

அடித்தது. ஆனால் ஒருமுறை அடித்துவிட்டு நிற்கவில்லை.

தென்னந்தோப்புக்குள் சிக்னல் நூல் மாதிரிதான் வரும். பெட்டி ஒரு சேதியை அனுப்பினால், அது வந்து சேர்ந்ததும், இணையத்தில் நாங்கள் வாடகைக்கு எடுத்திருந்த கம்ப்யூட்டர் 'கிடைத்தது' என்று பதில் சொல்ல வேண்டும். பதில் வராவிட்டால், சேதி வழியில் தொலைந்துவிட்டது என்று நினைத்துப் பெட்டி அதே சேதியை மறுபடி அனுப்பும். நியாயமான ஏற்பாடுதான். ஆனால் பல நேரம் சேதி வந்து சேர்ந்துவிடும், போகிற பதில்தான் தோப்புக்குள் தொலைந்துபோகும். பெட்டிக்கு அது தெரியாதே. பதில் வரும்வரை அதையே அனுப்பிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு முறைக்கும் ஒரு போன் அடிக்கும்.

ஒருநாள் கோட்டைச்சாமி சொந்தக்காரர் வீட்டு நிச்சயதார்த்தத்தில் உட்கார்ந்திருக்கிறார். தட்டு மாற்றுகிற நேரத்தில் போன் அலற ஆரம்பித்தது. எடுத்து வைத்தால் மறுபடி. வைத்தால் மறுபடி. அங்கிருந்தே பிரகாஷைக் கூப்பிட்டார்.

"ஏலே மருமகனே, ஒம் பெட்டிக்கு விக்கல் எடுத்திருச்சா? ஒரே சேதிய எத்தன தடவதான் சொல்லும்? இங்கன மாப்ள வீட்டுக்காரக எல்லாம் என்னையவே பாக்குறாக."

"மன்னிச்சுக்கங்க மாமா. சிக்னல் கோளாறு."

"ஒரே பேச்ச திருப்பித் திருப்பிப் பேசுனா பொண்டாட்டி பேச்சே காதுல ஏறாது. பெட்டி பேச்சா ஏறும்?"

பின்னாலிருந்து சந்தனம்மாள் குரல் கேட்டது. "ஏறாதுன்னு தெரிஞ்சுதானே நானே வாயத் தொறக்குறதில்ல."

பிரகாஷ் சிரித்தான். ஆனால் அதற்குப் பிறகு கோட்டைச்சாமி போனைச் சத்தமில்லாமல் வைத்துக்கொள்ள ஆரம்பித்தார். பால் தொட்டிக்காரரும் அப்படித்தான் செய்தார். காளான் வளர்க்கிற பொன்னுராஜ் எங்கள் நம்பரையே பிளாக் செய்துவிட்டார். நிஜமாக ஏதாவது நடந்தால் எவர் காதிலும் விழாது. "கத்துறதால கேக்காமப் போகுதுடா" என்றான் பிரகாஷ். அவனுக்கு அதுதான் வருத்தமாக இருந்தது.

திரும்ப வருகிற சேதிகளைப் பிரித்துத் தள்ளுகிற பகுதியை அப்போதுதான் எழுதினான். எளிமையானதுதான். பெட்டி ஒவ்வொரு சேதியின் தலையிலும் ஓர் எண் போட்டு அனுப்பும். ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏறிக்கொண்டே போகும். மறுபடி அனுப்பினால் அதே எண்தான் வரும். ஆகவே, இந்தப் பெட்டியிலிருந்து இந்த எண் முன்பே வந்திருக்கிறதா என்று பார். வந்திருந்தால் ஒதுக்கி வை, யாரையும் கூப்பிடாதே. அவ்வளவுதான். ஒதுக்கின சேதிகளைத் தூக்கி எறியாமல் ஓர் ஓரத்தில் சேர்த்து வைத்தான். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் 'ஏற்கனவே வந்தது' என்று தமிழிலேயே எழுதும்படி செய்திருந்தான்.

"எல்லாரும் இங்கிலீஷ்லதானடா எழுதுவாக?" என்று கேட்டேன்.

"தமிழ்ல எழுதுனா கம்ப்யூட்டர் கோவிச்சுக்குமா?"

அன்றோடு எங்கள் அறை அமைதியானது. கீழேயிருந்து ஷானவாஸ் பாய் மாடிப்படியில் ஏறி வந்து எட்டிப் பார்த்தார். "என்னப்பா, ரெண்டு பேரும் உசுரோட இருக்கீகளா? ஒரு வாரமா மேல சத்தத்தையே காணோம். யாரும் ஒங்களத் திட்டலயா?"

"அதான் பாய் வேல செய்யுது" என்றான் பிரகாஷ். அவன் முகம் அப்படி மலர்ந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பொன்னுராஜ் பிளாக்கை எடுத்துவிட்டார். கோட்டைச்சாமி போனின் சத்தத்தைத் திரும்பக் கூட்டி வைத்தார். மாசக்கணக்கில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. ஒருமுறை சந்தனம்மாள் வீட்டு மிஷினில் ஒரு பல்பு ஃபியூஸ் போனபோது ஒரே ஒரு போன் போனது. அவர் மாற்றினார், குஞ்சுகள் பிழைத்தன. "ஒத்தச் சொல்லு சொன்னாலும் நல்ல சொல்லா சொல்லுது" என்றார் கோட்டைச்சாமி.

அப்புறம் ஆயுத பூஜை வந்தது.

எங்கள் அறையிலும் பூஜை போட்டோம். லேப்டாப்பை அணைத்து, துடைத்து, மூடியின் மேல் சந்தனம் வைத்தான் பிரகாஷ். ஸ்க்ரூ டிரைவர், சால்டரிங் அயர்ன், என் பைக், எல்லாவற்றுக்கும் பொட்டு. கடைப் பையன்களுக்காக வருஷாவருஷம் பொரிகடலை வாங்கித் தருவது ஷானவாஸ் பாய்தான். "வாங்குறது நானு, பாதிப் பொட்டலம் மாடிக்குப் போயிருது" என்று முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தார். அந்த நேரத்தில் சந்தனம்மாள் கூப்பிட்டார். பிரகாஷ் போனை ஸ்பீக்கரில் போட்டு, பொரியை மென்றுகொண்டே பேசினான்.

"மருமகனே, அருவா, மம்பட்டி, ஒங்க மாமாவோட லாரிச் சாவி எல்லாத்தையும் தொடச்சு வச்சாச்சு. ஒம் பெட்டியவும் எறக்கி வைக்கணும்ல? அதுதானே இப்ப எங்களுக்குக் காவலு. அமத்தலாமா?"

"வைங்க அத்தை. பக்கத்துல ஒரு பொத்தான் இருக்கும், அழுத்திப் பிடிச்சா அணைஞ்சுரும். ஒரு ராத்திரிதானே. காலைல ஆன் பண்ணிருங்க."

"மிஷினு ஓடுது. இன்னைக்குத்தான் கதவச் சாத்திருக்கேன்."

"அத மட்டும் அணைச்சுராதீக."

"நீ சொல்லித்தான் தெரியணுமாக்கும்? நெறமாசக்காரியவா கட்டில விட்டு எறக்குவேன்? ஓடுற மிஷினுக்கே சந்தனத்த அப்பிட்டேன், போ."

கருவிகளுக்கு அன்று ஓய்வு. அதை யாரும் எங்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. தொட்டில் வயதிலிருந்து பார்த்து வந்தது. மறுநாள் விஜயதசமி காலையில் எடுத்து, கும்பிட்டு, ஓட்ட வேண்டும். சந்தனம்மாளும் அப்படியே செய்தார். பெட்டியைச் சாமி படத்துக்கு முன்னாலிருந்து எடுத்து, சுவரில் மாட்டி, வயரைச் சொருகி, பொத்தானை அழுத்தினார். விளக்கு எரிந்தது. கோட்டைச்சாமி போனில் பச்சைப் புள்ளி.

பெட்டிக்குள் பேட்டரி இருக்கிறது. கரண்ட் போனாலும் அது அணையாது. வாங்கி மாட்டிய நாளிலிருந்து, எங்கள் பெட்டிகளில் ஒன்றையாவது ஒருவரும் பொத்தானை அழுத்தி அணைத்தது கிடையாது. அணைக்கிற ஒரே நாள் அன்றுதான். அணைத்து எழுப்பிய பெட்டி, அதற்கு முன் எண்ணியதையெல்லாம் மறந்துவிட்டு, மறுபடி ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கியது.

ஒன்று என்று வந்தது. பிரகாஷின் புரோகிராம் பார்த்தது: இந்தப் பெட்டியிலிருந்து ஒன்று முன்பே வந்திருக்கிறது. ஒதுக்கு. இரண்டு. அதுவும் முன்பே வந்தது. ஒதுக்கு. மாசக்கணக்காக எண்ணி ஏறியிருந்த தொகையை மறுபடி எட்டும்வரை, அந்தப் பெட்டி எதைச் சொன்னாலும் அது பழைய சேதிதான். சேதி வருகிறதா என்று மட்டும் பார்க்கிற பகுதி தனியாக இருந்தது. அது பிரிப்பதற்கு முன்னாலேயே எண்ணிவிடும். சேதி வருகிறது, ஆகவே பெட்டி உயிரோடு இருக்கிறது, கடைசியாக ஏற்ற அளவும் சரியாகவே இருக்கிறது என்று அது பச்சைப் புள்ளியைப் போட்டது. பக்கத்தில், பொத்தானை அழுத்துவதற்கு முன் கடைசியாக ஏற்றுக்கொண்ட அளவு அப்படியே நின்றது. முப்பத்தேழு புள்ளி ஐந்து.

விஜயதசமி மதியத்திலிருந்து மழை. கரண்ட் போவதும் வருவதுமாக இருந்தது. வந்தாலும் விளக்கு மினுங்கி மினுங்கி எரிந்தது. அந்தத் தத்தளிப்பில், மிஷினுக்குள் பல்புகளை எரித்து அணைக்கிற ரிலே எரிகிற நிலையிலேயே ஒட்டிக்கொண்டுவிட்டது. பல்புகள் அணையவே இல்லை. ஃபேன் வழக்கம்போல ஓடியது, சத்தத்தில் எந்த வித்தியாசமும் இல்லை. வெளியே மழை பெய்து தெருவே குளிர்ந்துகிடந்தது.

குஞ்சு வெளிவர வேண்டிய நாளில் நாங்கள் இரண்டு பேரும் போனோம். குஞ்சுகள் ஓட்டை உடைத்துக்கொண்டு வருவதை வீடியோ எடுத்து விளம்பரத்துக்குப் போட வேண்டும் என்பது பிரகாஷின் ஆசை. தெருவே அங்கே நின்றது. ராக்கம்மாள் கையில் ஒரு பனையோலைக் கூடையோடு முதல் ஆளாக வந்திருந்தாள். அவள் கோழியை அந்த வாரம் நாய் தூக்கிப் போய்விட்டது. அது விட்டுப்போனது உள்ளே இருக்கிற பூ போட்ட முட்டைகள்தான்.

சந்தனம்மாள் திரும்பாத கழுத்தை வைத்துக்கொண்டு, உடம்போடு சாய்ந்து பிரிட்ஜ் கதவில் காதை வைத்திருந்தார்.

"நேத்தே சத்தம் கேக்கணும். ஓட்டுக்குள்ள இருந்தே கத்துமே. ஒன்னையும் காணோமே."

"ஃபேன் சத்தத்துல கேக்கலயோ என்னமோ" என்றார் கோட்டைச்சாமி. "பச்சதானே எரியுது. வா மருமகனே, நீயே பாரு. ரெண்டு நாளா அசையாம நிக்குது. முப்பத்தேழு புள்ளி அஞ்சு. ஒரு புள்ளி கூடல, ஒரு புள்ளி கொறையல. கம்பெனி மிஷினு தோத்துப்போகும்."

பிரகாஷ் போனை வாங்கிப் பார்த்தான். அவன் முகத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பல்பு எரிந்து அணைந்து ஓடுகிற மிஷினில் சூடு ஏறும், இறங்கும். ஒரு மணி நேரம்கூட ஒரே அளவில் நிற்காது. அது அவனுக்குத் தெரியும்.

"அத்தை, கதவத் தொறங்க."

"இன்னும் கத்தலயே சாமி, இப்பத் தொறந்தா..."

"தொறங்க அத்தை!"

அவனே இழுத்தான். சூளை வாயைத் திறந்த மாதிரி ஒரு சூடு முகத்தில் அடித்தது. எல்லாப் பல்பும் எரிந்துகொண்டிருந்தன. கீழே ஈரத்துக்கு வைத்திருந்த தண்ணீர்த் தட்டு காய்ந்து வெள்ளை படிந்து கிடந்தது. சில முட்டைகளில் கீறல் விழுந்திருந்தது. ஒன்றில் ஓட்டை உடைத்து அலகு வரைக்கும் வெளியே வந்திருந்தது. சந்தனம்மாள் அதைத்தான் முதலில் எடுத்தார். விரலால் ஓட்டைப் பிய்த்தார். குஞ்சு முழுசாக இருந்தது. இறகுகூட முளைத்திருந்தது. தலையைத் தூக்கிவிட்டார், அது மடங்கி விழுந்தது. அதை முந்தானையில் வைத்துக்கொண்டு அடுத்ததை எடுத்தார். அதற்கடுத்ததை எடுத்தார். ஒவ்வொன்றாகப் பிய்த்துப் பார்த்துக்கொண்டே போனார். ஒருவரும் தடுக்கவில்லை. பூ போட்ட முட்டை வந்ததும் மட்டும் அதை உடைக்காமல் ராக்கம்மாளிடம் நீட்டினார். ராக்கம்மாள் வாங்கிக் காதில் வைத்துப் பார்த்தாள்.

பிரகாஷ் மாட்டுக்கொட்டகை ஓரத்தில், மழை நனைத்த மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டான். போனில் எங்கள் கம்ப்யூட்டரைத் திறந்து, ஒதுக்கி வைத்த சேதிகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் பின்னால் நின்று பார்த்தேன். முப்பத்தெட்டு. ஏற்கனவே வந்தது. முப்பத்தொன்பது. ஏற்கனவே வந்தது. நாற்பது. நாற்பத்தொன்று. ஏற்கனவே வந்தது. விரலால் தள்ளத் தள்ளப் போய்க்கொண்டே இருந்தது. மழைக்குள் சிக்னல் சரியில்லாத தோப்பிலிருந்து, பதில் வராத ஒவ்வொரு தடவையும், அந்தப் பெட்டி மறுபடி மறுபடி சொல்லியிருக்கிறது. எல்லாவற்றுக்கும் பக்கத்தில் அவன் ஆசையாக எழுதிய தமிழ்.

சந்தனம்மாள் வந்து அவன் முன்னால் நின்றார். முந்தானை கனத்துத் தொங்கியது.

"மருமகனே, ஒன்னே ஒன்னு சொல்லு. சூடு ஏறுனத ஒம் பெட்டி சொல்லுச்சா, சொல்லலயா?"

அவன் நிமிரவில்லை. "சொல்லுச்சு அத்தை."

"எப்ப?"

"நேத்தெல்லாம் சொல்லுச்சு. விடாமச் சொல்லுச்சு. பழைய பேச்சுன்னு நெனச்சு நான்தான் உள்ள விடல."

அவர் முந்தானையை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார். பிறகு, "அப்ப பெட்டி நல்ல பெட்டிதான்" என்றார். கோபமே இல்லாமல்தான் சொன்னார். கோபப்பட்டிருந்தால் அவன் இன்றைக்கு இங்கேயே இருந்திருப்பான் என்று எனக்குத் தோன்றும்.

கோட்டைச்சாமி மட்டும் நின்ற இடத்திலேயே போனை வெறித்துக்கொண்டிருந்தார். "பச்சதானே இருந்துச்சு, பச்சதானே இருந்துச்சு" என்று, யாரிடம் சொல்கிறோம் என்று தெரியாமல் சொல்லிக்கொண்டிருந்தார்.

தெருப் பெண்கள் சண்டை போடவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஒருத்தியும் முட்டை கொண்டுவரவில்லை. பிரகாஷ் பண்ணையிலிருந்து ஒரு கூடை நிறையக் குஞ்சு வாங்கிக்கொண்டு போனான். சந்தனம்மாள், "ராக்கம்மாவுக்குக் குடு" என்றார். ராக்கம்மாள் எட்டிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா இது எங் கோழி வயித்துல வந்ததில்லயே தம்பி" என்று சொல்லி வீட்டுக்குள் போய்விட்டாள். கூடையைத் திருப்பிக்கொண்டு வந்தோம். வரும் வழியெல்லாம் என் பைக்கின் பின்னால் அந்தக் குஞ்சுகள் கத்திக்கொண்டே வந்தன.

சரிசெய்ய வேண்டியது மிகச் சின்ன விஷயம். பெட்டி அணைந்து எழுந்ததா என்று பார். எழுந்திருந்தால் பழைய எண்களை மறந்துவிடு. அறைக்கு வந்ததும், சட்டையில் ஒட்டின மண் காய்வதற்குள் அதை எழுதி முடித்துவிட்டான். எழுதிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இம்புட்டுதான்டா" என்றான். "இம்புட்டுக்காண்டிப் போச்சு."

"இப்பச் சரியாயிருச்சுல்ல?"

"இது சரியாயிருச்சு. எனக்குத் தெரியாம வேற எது வாயப் பொத்திக்கிட்டு நிக்குதோ, யாருக்குத் தெரியும்?"

அன்றைக்குப் பூஜையில் வைத்து எடுத்த பெட்டிகள் எல்லாமே அப்படித்தான் ஊமையாக இருந்திருக்கின்றன என்பதையும் அவன் கண்டுபிடித்தான். வாழைப்பழ அறை, பால் தொட்டி, பொன்னுராஜின் குடில். எங்கேயும் எதுவும் கெடவில்லை, அவ்வளவுதான். மற்றவர்களுக்கு அதிர்ஷ்டம் இருந்தது, சந்தனம்மாளுக்கு இல்லை. அவனால் அதைத் தாங்க முடியவில்லை. சில நாளில் அந்தப் பிரிக்கிற பகுதியை முழுக்க எடுத்துவிட்டான். நான் எவ்வளவோ சொன்னேன். "எது வந்தாலும் வரட்டும். தள்ளுறதுக்கு நான் யாரு?" என்றான். மறுபடி போன்கள் அலறின. ஷானவாஸ் பாய் கீழேயிருந்து, "மேல என்னப்பா, கல்யாண மண்டபமா?" என்று கத்தினார். விஷயம் தெரிந்த பிறகு அதையும் கேட்பதை நிறுத்திவிட்டார். பொன்னுராஜ் பெட்டியைக் கழற்றி ஒரு மஞ்சப்பையில் போட்டுக்கொண்டுவந்து மேஜை மேல் வைத்தார். "நல்ல பயதான் நீயி. ஆனா எனக்குத் தூக்கம் வேணும் தம்பி" என்றார். ஒவ்வொருவராக அப்படித்தான் வந்தார்கள். அலறினாலும் கேட்கவில்லை, அடக்கினாலும் கேட்கவில்லை. நடுவில் நிற்கிற தைரியம் அவனிடம் இல்லாமல் போய்விட்டது.

அவன் அம்மா ஒருநாள் தேனிக்கே வந்துவிட்டார். தலைமுடியில் இலவம்பஞ்சு ஒட்டியிருந்தது, நேராக வேலையிலிருந்து பஸ் ஏறியிருக்கிறார். அறையில் அடுக்கியிருந்த பெட்டிகளைப் பார்த்தார். "பெங்களூருக்கே போயிரு சாமி. அங்கன யாரும் நமக்குச் சொந்தமில்ல. தப்பு வந்தாலும் மூஞ்சியப் பாக்க வேண்டியதில்ல" என்றார். அவன் போனான். இப்போது அங்கே, மற்றவர்கள் எழுதிய புரோகிராம்களைச் சரிபார்க்கிற வேலை. சொந்தமாக எதையும் எழுதுவதில்லை. பொங்கலுக்கும் வரவில்லை. நான் போன் செய்தால் முதல் மணியிலேயே எடுத்து, "என்ன ஆச்சு?" என்பான். ஒன்றும் ஆகவில்லை என்றால் பேச்சு அவ்வளவுதான்.

இந்த வருஷ ஆயுத பூஜைக்கு நான் சந்தனம்மாள் வீட்டுக்குப் போயிருந்தேன். போகாமல் இருக்க முடியவில்லை. அவர் மறுபடி திராட்சைப் பந்தலுக்குப் போகிறார். வலது கை தோளுக்கு மேலே ஏறவில்லை, இடது கையால் கத்தரிக்கிறார். பிரிட்ஜுக்குள் மாட்டுத் தவிடு மூட்டை இருந்தது. ஆனாலும் கோட்டைச்சாமி அதைத் துடைத்துப் பொட்டு வைத்திருந்தார். சாமி படத்துக்கு முன்னால் அருவாள், மம்பட்டி, லாரிச் சாவி. அந்த வரிசையில் எங்கள் பெட்டியும் இருந்தது, போன வருஷச் சந்தனம் காய்ந்து வெடித்த இடத்தில் புதுச் சந்தனத்தோடு.

"இத ஏன் அத்தை இன்னும் வச்சிருக்கீக?"

"அது என்ன பாவம் பண்ணுச்சு? நான் கண்ணால பாத்தேன்ல, மருமகன் போனுல. மழையில கெடந்து எம்புட்டுக் கத்திருக்கு." அவர் பெட்டியை எடுத்து முந்தானையால் துடைத்தார். "இப்ப ஓடுமா?"

சார்ஜரில் கொஞ்ச நேரம் போட்டுவிட்டுப் பொத்தானை அழுத்தினேன். விளக்கு வந்தது. பச்சை இல்லை, சிவப்பு. மினுக்கி மினுக்கி எரிந்தது. சிம் கார்டு காலாவதியாகி எத்தனையோ மாசம். அந்தப் பக்கம் சேதி வாங்க எங்கள் கம்ப்யூட்டரும் இல்லை, அதை எப்போதோ மூடிவிட்டான்.

"என்னலே, இப்பிடி மினுக்குது?" என்று கோட்டைச்சாமி குனிந்து பார்த்தார்.

"அனுப்பிப் பாக்குது மாமா. பதில் வரல. வர்ற வரைக்கும் திருப்பித் திருப்பி அனுப்பிக்கிட்டே இருக்கும்."

"அங்கன யாரு இருக்காக?"

"ஒருத்தரும் இல்ல."

மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். வெளியே பக்கத்து வீட்டு ஆட்டோவுக்குப் பூசணிக்காய் உடைக்கிற சத்தம் கேட்டது. சிவப்பு விளக்கு எரிந்து அணைந்து, எரிந்து அணைந்தது.

"அமத்திரு சாமி" என்றார் சந்தனம்மாள். "எம்புட்டு நேரந்தான் கூப்புடும்."